நான்கு விநாடி முகம்

வருவாய்த் துறையில் முப்பத்தைந்து ஆண்டு இருந்துவிட்டுத் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவனிடம் யாரும் நலம் விசாரிக்க வருவதில்லை. மனு எழுதத்தான் வருகிறார்கள். கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக் கதவைத் தட்டுகிற தினுசை வைத்தே பட்டா மாறுதலா, வாரிசுச் சான்றா, ஆக்கிரமிப்பா என்று சொல்லிவிடுவேன். என் மனைவி இதை ஒரு வியாதி என்கிறாள்.

அன்று காலையில் கேட்ட தட்டல் எந்த வகையிலும் சேரவில்லை. திறந்தால், வெள்ளிமலையில் ஆன்லைன் சேவை மையம் நடத்தும் பெண் நின்றிருந்தாள். மலைக்காரி. முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறாள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் அட்டைத் திருத்தம் என்று மலை மக்கள் எதற்கும் கீழே இறங்கி வராமல், தன் லேப்டாப்பில் பதிவு செய்து தருவது அவள் தொழில். அவளுக்கு உரிமம் கொடுத்த கோப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அந்த உறவுமுறை போதாதா?

"நோட்டீசு வந்துகீது சார்" என்று நீட்டினாள்.

படித்தேன். தேர்தல் நடத்தை விதி அமலில் உள்ள காலத்தில் பொதுமக்கள் வந்துபோகும் சேவை மையத்தில் ஓர் அரசியல் தலைவரின் உருவத்தைக் காட்சிப்படுத்தியதற்காக உரிமத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று ஏழு நாளில் விளக்கம் தரவேண்டும். நல்ல நடை. 'ஏன்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு முடிவு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் நடை.

"போஸ்டர் எதாச்சும் ஒட்டினியாம்மா?"

"கடையில முருகன் படம் ஒண்ணுதான் சார் கீது. அவுரு எந்தக் கட்சியும் இல்ல."

இந்தக் காலத்தில் அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டேன். அவள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து என் மேசையில் வைத்து, வயரைச் சுவரில் செருகினாள். பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச லேப்டாப். மூடியில் அன்றைய ஆளுங்கட்சித் தலைவரின் படம் இருந்த இடத்தில் பறக்கும் படையினர் வெள்ளைத் தாள் ஒட்டி, நான்கு மூலையிலும் முத்திரை குத்தியிருந்தார்கள். மைதாப் பசை காய்ந்து மேடு தட்டியிருந்தது. அதுவரை முறைப்படிதான் நடந்திருக்கிறது.

"இப்ப பாருங்க சார்" என்று பொத்தானை அழுத்தினாள்.

திரை கறுப்பாகி, பிறகு பளிச்சென்று விடிந்தது. நடுவில் தலைவர், கைகூப்பி, புன்னகையோடு. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக நான்கு விநாடி. பிறகு அவர் மறைந்தார், லேப்டாப் தன் வேலையைப் பார்க்கப் போனது.

எந்தக் கட்சித் தலைவர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால், காலை நடைக்கு என்னோடு வரும் ஓய்வூதியர்களில் பாதிப் பேர் நாளையிலிருந்து வேறு தெருவில் நடப்பார்கள்.

புகார் கொடுத்தவர் அவள் கடைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். மறுகட்சியின் கிளைப் பொறுப்பாளர். மையத்தின் உரிமம் தன் கடைக்கு வரவேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

"உரிமம் போச்சுன்னா நான் மறுபடியும் சாமைக் கொல்லைக்குத்தான் சார் போவணும்" என்றாள். அழவில்லை. வானிலை அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னாள்.

முகத்தை எடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். மூடியில் இருந்ததை மறைக்கத் தாள் போதுமென்றால், உள்ளே இருப்பதை அழிக்க ஒரு மெக்கானிக் போதாதா? பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை ஒன்று உண்டு. நடத்துபவர் தியாகதுருகத்துக்காரர். எல்லாக் கட்சியையும் சம தூரத்தில் வெறுப்பவர். அவருடைய பக்தியெல்லாம் இலவச மென்பொருள் மேல். உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று விட்டுவைத்திருக்கிறார்களே, அது.

லேப்டாப்பைத் திறந்ததும் அவர் பெருமூச்சு விட்டார்.

"இது குடுக்கறப்பவே உள்ள இலவச சிஸ்டம்தான் சார் இருந்துச்சு. இந்த மாவட்டத்துல ஒரு புள்ள அத வெச்சிக்கல. அழிச்சிட்டு, காசு குடுத்து வாங்க வேண்டியத திருட்டுத்தனமா ஏத்திக்கினாங்க."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இப்ப அத விக்கிற கம்பெனி இன்னா சொல்லுது? புதுப் பதிப்பு வோணும்னா மெஷின்ல இன்ன சிப்பு இருக்கணும்னு சொல்லுது. இதுல இல்ல. மெஷின் நல்லா ஓடுது, ஆனா தகுதி இல்ல."

இந்த வாக்கியம் எனக்குப் பழகியது. நல்ல கையெழுத்து இருந்தும் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் நான் திருப்பியனுப்பிய மனுக்கள் நினைவுக்கு வந்தன. அவற்றைப் பற்றி அதிகம் யோசிக்காமல் இருப்பது என் உடம்புக்கு நல்லது.

ஒரு மணி நேரத்தில் அவர் பழையதை அழித்து, முதலில் இருந்ததுபோலவே இலவச இயங்குதளத்தை ஏற்றினார். அரசு இணையதளம் அதில் முன்னைவிட வேகமாகத் திறந்தது. அந்தப் பெண் சிரித்தாள். பிறகு அணைத்துப் போட்டோம். தலைவர் வந்தார். நான்கு விநாடி கும்பிட்டார். போனார்.

"அவுரு அதுக்கும் அடியில கீறாரு சார்" என்றார் மெக்கானிக். "பெட்டி முழிச்சிக்கிறப்ப மொத மொதல்ல ஓடற சின்ன புரோகிராமு ஒண்ணு போர்டுலயே கீது. அதுல வெச்சிப் பூட்டிட்டாங்க."

"யாரு?"

"அப்ப ஆட்சியில இருந்தவங்க கேட்டாங்க. பெட்டி செஞ்ச கம்பெனி பூட்டிச்சு."

"சாவி?"

"கம்பெனிகிட்ட."

"அப்ப பெட்டி யாருது?"

"பெட்டி இவங்களுதுதான் சார். தொறக்கற உரிமைதான் இல்ல."

நிலம் ஒருவர் பெயரில், பட்டா இன்னொருவர் பெயரில், அனுபவம் மூன்றாமவரிடம். இப்படிப்பட்ட வழக்குகளில் நான் பல ஜமாபந்தி பார்த்தவன். மேல்முறையீடு எங்கே என்றுதான் முதலில் கேட்பேன். கேட்டேன். மெக்கானிக், பெட்டி செய்த கம்பெனியின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்.

நெடுநேரம் வீணை இசை கேட்ட பிறகு ஒரு பெண் குரல் மிகுந்த பணிவோடு சொன்னது: "உங்கள் சாதனத்தின் ஆயுட்காலம் முடிந்துவிட்டது, சார்."

"என் எதிரில் ஓடிக்கொண்டிருக்கிறதம்மா."

"இருந்தாலும் முடிந்துவிட்டது, சார்."

பணி நிறைவு நாளன்று எனக்கும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். அப்போது ஒரு சால்வை கொடுத்தார்கள்.

சரி, அணைக்காமலே வைத்திருந்தால் முகம் வராதே என்றேன். வெள்ளிமலையில் மின்சாரம் நின்றுபோகும், லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகுநாளாயிற்று என்றாள் அவள். மெக்கானிக் கடையில் அதே அளவுள்ள வேறு கம்பெனி பேட்டரி இருந்தது. பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. திரையில் ஓர் அறிவிப்பு வந்தது: இது எங்கள் பேட்டரி அல்ல, இதில் மின்னேற்ற மாட்டோம்.

"உறுப்பினர் அட்டை இல்லாதவன உள்ள வுட மாட்டேங்குது பாருங்க" என்றார் மெக்கானிக். "கட்சி ஆபீசே தேவல."

இந்த இடத்தில்தான் என் அனுபவம் குறுக்கிட்டது. குறுக்கிடாமல் இருந்திருக்கலாம். நடத்தை விதி வந்தால் தலைவர்களின் சிலைகளை என்ன செய்கிறோம்? உடைப்பதில்லை. துணியால் மூடுகிறோம். எடுக்க முடியாததை மறை. இது நாடறிந்த நடைமுறை. ஆகவே திரைக்கு மேல் ஒரு கம்பி, கம்பியில் வளையம், வளையத்தில் துணி. லேப்டாப்பைப் போடும்போது துணியை இழுத்து மூட வேண்டும். நான்கு எண்ணிவிட்டு விலக்க வேண்டும்.

துணி வாங்கக் கடைக்குப் போனபோதுதான் தமிழ்நாட்டில் எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத நிறம் எவ்வளவு அரிது என்பது தெரிந்தது. கறுப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், காவி, வெள்ளை, எல்லாவற்றுக்கும் கொடிக்கம்பம் உண்டு. கடைசியில் காப்பித்தூள் நிறத்தில் ஒன்றரை மீட்டர் கிழித்தோம். அந்த நிறத்தில் இதுவரை கட்சி இல்லை. தொடங்கினால் திருத்த மனு போட்டுக்கொள்ளலாம்.

பொருள், பார்வை என்று முறையாகத் தொடங்கி மூன்று பக்கம் விளக்கம் எழுதினேன். உருவம் நிலையானதன்று, கணநேரத்தது. மையத்தாரின் விருப்பத்துக்கு அப்பாற்பட்டது. அதை நீக்கும் அதிகாரம் உற்பத்தியாளரிடம் உள்ளது. இடைக்கால ஏற்பாடாகத் திரை அமைக்கப்பட்டுள்ளது. படித்துப் பார்த்தபோது எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

ஒரு வாரம் கழித்து அவள் போன் செய்தாள். இரண்டாவது நோட்டீஸ். முதலாவது இன்னும் நிலுவையில் இருக்க, இது அதைவிடக் கடுமை: மேற்படி தலைவரின் உருவத்துக்குத் திரையிட்டு, திரை விலக்கி, பொதுமக்களைக் கொண்டு வழிபாடு நடத்துவதாகப் புகார். தேர்தல் பிரிவிலிருந்து அதிகாரி நேரில் தணிக்கைக்கு வருகிறார்.

அன்று நானும் மலைப் பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் மூன்று பக்கத்தில் எந்த வாக்கியம் தவறு என்று யோசித்துக்கொண்டே போனேன். வாக்கியத்தில் தவறு இல்லை. அதை மையத்துக்குள் நுழைந்ததும் தெரிந்துகொண்டேன்.

மின்சாரம் போய் அப்போதுதான் திரும்பியிருந்தது. ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அவள் காப்பித்தூள் துணியை இழுத்து மூடிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். துணிக்குப் பின்னால் வெளிச்சம் பரவியது. சட்டென்று பேச்சு நின்றது. முன்னால் நின்ற பெரியவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பின்னால் ஒரு பெண் செருப்பைக் கழற்றினாள். மையத்துப் பெண் துணியை விலக்கினாள். வளையங்கள் கலகலவென்று ஒலிக்க, அங்கே தலைவர் இல்லை. அரசு இணையதளத்துக்குள் போகும் பக்கம்தான் இருந்தது. அதைப் பார்த்து ஏழெட்டுப் பேரும் கும்பிட்டார்கள். அந்தப் பக்கத்தை மனதாரக் கும்பிட்டவர்களை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

"சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க சார்" என்றாள் அவள். "திரை போட்டா கை தானா போவுதாம்."

"தீவாராதனை கெடையாதாம்மா?" என்று பெரியவர் கேட்டார். கிண்டலா, உண்மையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். என்னிடம் இளநிலை உதவியாளராக வேலை தொடங்கிய பெண்மணி. இப்போது நான் எட்டாத நாற்காலியில் இருக்கிறார். அவருக்குப் பின்னால் எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர், கட்சிக் கரை போட்ட துண்டை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். அவர் வந்தால் தானும் வரவேண்டும் என்று பக்கத்து டீக்கடைக்காரரும் வந்தார். டீக்கடைக்காரர், திரையில் வரும் தலைவரின் கட்சி.

"வணக்கம் சார். மூணு பக்கம் படிச்சேன்" என்றார் அதிகாரி என்னிடம். "நீங்க எனக்குக் கத்துக்குடுத்தப்ப ஒரு பக்கத்துக்கு மேல போகாதன்னு சொன்னீங்க."

பிறகு அவர் துணியைக் கழற்றச் சொன்னார். லேப்டாப்பை அணைத்துப் போடச் சொன்னார். தலைவரை ஒருமுறை நேராகப் பார்த்தார்.

"துணி வேணாம். வேற வழி இருக்காம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். மெக்கானிக்கும் நானும் கட்டணமில்லா எண்ணும் இருந்தும், அவளை இதுவரை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இப்பிடித் திருப்பி வெச்சிப் போட்டா போதும்ங்க மேடம்" என்று அவள் லேப்டாப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி, பொத்தானை அழுத்தி, நான்கு எண்ணி, திரும்ப இந்தப் பக்கம் வைத்தாள். துணியில்லை, கம்பியில்லை, வளையமில்லை. மூன்று பக்கமும் இல்லை.

"நல்லாருக்கே நாயம்" என்றார் டீக்கடைக்காரர். "எங்க தலைவர செவுத்தப் பாத்து நிக்க வெக்கிறதா? பள்ளிக்கூடத்துல தப்புப் பண்ணவனத்தான் அப்பிடி நிறுத்துவாங்க. நானும் புகார் எழுதுவேன் மேடம்."

"தாராளமா. ஆன்லைன்லதான் வாங்குறாங்க. எங்க பதிவு பண்ணுவீங்க?"

டீக்கடைக்காரர் யோசித்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

அதிகாரி கோப்பைப் புரட்டி, ஜெராக்ஸ்காரர் கொடுத்த இரண்டு புகார்களையும் எடுத்தார். "இதையும் எங்கியோ பதிவு பண்ணித்தானே அனுப்பியிருக்காங்க? மைய எண் கீழ போட்டிருக்கு. இது யார் எண்?"

"என்னுதுங்க மேடம்" என்றாள் அவள். "நான்தான் ஏத்துனேன்."

"உன் மேல குடுத்த புகார நீயே ஏத்தினியா?"

"அண்ணன் கேட்டாருங்க. மலையில வேற எங்க போவாரு? மொத மனுவுல கிராமத்துப் பேரு தப்பா எழுதிக்கினு வந்தாரு, திருத்திப் போட்டேன். ரெண்டாவதுக்குப் போட்டோ இணைக்கணும்னு கேட்டுச்சு. அவரு எடுத்தது மசமசன்னு இருந்துச்சு. நானே திரை போடறப்ப நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுத்தேன்."

என் முப்பத்தைந்து ஆண்டில் இப்படியொரு நேர்மையை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மனநல மருத்துவமனைக்குப் பரிந்துரைத்திருப்பேன்.

"அவ வேலய அவ செஞ்சா. எங்க கட்சி வேலய நாங்க செஞ்சோம்" என்றார் ஜெராக்ஸ்காரர், கொஞ்சம் பெருமையாகவே.

"சரி, இப்ப நான் என் வேலயச் செய்யறேன்" என்றார் அதிகாரி. "இந்த உரிமத்த ரத்து பண்ணிடறேன்."

அவள் லேப்டாப்பின் மேல் வைத்திருந்த கையை எடுத்தாள். நடத்தை விதி அமலில் இருக்கும் வரை புதிய உரிமம் யாருக்கும் வழங்க முடியாது, ஆகவே ரத்து செய்தால் மலையில் மையமே இருக்காது என்ற விதி என் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லத் தொண்டையைச் செருமினேன்.

"தேர்தல் முடியற வரைக்கும் புது உரிமம் யாருக்கும் கெடையாது" என்று அதிகாரியே ஜெராக்ஸ்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டார். "உங்களுக்கும் கெடையாது. அதுக்கு முன்னால, இங்க நிலுவையில இருக்கற மனுவெல்லாம் என்னாகும்னு பாக்கணும். ஏம்மா, என்னென்ன நிக்குது?"

அவள் நோட்டைப் புரட்டவில்லை. "மொதல்ல நிக்கறது அண்ணனோட பொண்ணு சாதிச் சான்றுங்க. காலேஜுக்கு. கூடுதலா ஒரு ஆவணம் கேட்டுத் திருப்பி வுட்டுருக்காங்க. என் எண்ணுல இருந்துதான் பதில் போட முடியும். எண்ணு போச்சுன்னா கள்ளக்குறிச்சி போயி மொதல்ல இருந்து போடணும்."

ஜெராக்ஸ்காரர் அக்குளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்கும்படி வியர்வை எதுவும் இல்லை. வெள்ளிமலையில் அந்த நேரம் குளிரடிக்கும்.

"இன்னாத்துக்கு மேடம் அவ்ளோ தூரம்" என்றார். "நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையுந்தான்."

"எழுதிக் குடுத்தா செல்லாது. வாபசும் ஆன்லைன்லதான்."

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. யாரும் ஆச்சரியப்படவில்லை. டீக்கடைக்காரர் போய் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். ஜெராக்ஸ்காரருக்கும் சேர்த்துத்தான். எதிரிக்கு டீ கொடுப்பதற்கு எந்த நடத்தை விதியிலும் தடையில்லை. மரவள்ளி விலை, மழை, சின்னசேலம் ஸ்டேஷனில் எந்த ரயில் நிற்கும் எது நிற்காது என்று பேசினோம். அதிகாரி என் விளக்கத்தைக் கோப்பின் கடைசியில் வைத்துக் கட்டினார்.

குழல்விளக்கு மினுக்கி எரிந்தது. அவள் லேப்டாப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பப் போனாள். டீக்கடைக்காரர் கனைத்தார். காப்பித்தூள் துணியை எட்டி எடுத்தாள். வரிசையில் நின்ற பெரியவர் துண்டை இடுப்பில் கட்டத் தொடங்கினார். அவள் இரண்டையும் விட்டுவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"நீ போடும்மா" என்றார் ஜெராக்ஸ்காரர். தன் கட்சிக் கரைத் துண்டை இரண்டு கையாலும் விரித்து, திரைக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

பொத்தானை அழுத்தினாள். துண்டின் கரை வழியாக வெளிச்சம் கசிந்தது. யாரும் கும்பிடவில்லை. எதிர்க்கட்சித் துண்டைப் பார்த்து எப்படிக் கும்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை போலும்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று டீக்கடைக்காரர் சத்தமாக எண்ணினார். "எடுய்யா. எங்க ஆளுக்கு மூச்சு முட்டும்."

"இன்னொரு ரெண்டு செகண்டு எங்க துண்டு வாசம் புடிக்கட்டும்" என்றார் ஜெராக்ஸ்காரர். ஆனால் எடுத்துவிட்டார்.

அவள் இணையதளத்துக்குள் போய், இரண்டு புகார் எண்களையும் நினைவிலிருந்தே தட்டினாள். அவள் போட்ட எண்கள்தானே.

"வாபஸ் வாங்கறதுக்குக் காரணம் கேக்குதுண்ணே. மூணு கீது, ஒண்ணத் தேர்ந்தெடுக்கணும். மனுதாரர் இறந்துவிட்டார். தவறுதலாகப் பதிவு செய்யப்பட்டது. குறை தீர்க்கப்பட்டது."

அவர் துண்டை மடித்து மறுபடி அக்குளில் இடுக்கினார். அதிகாரி பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தார்.

"தப்பா பதிவு பண்ணதுன்னு போடாதம்மா. கட்சியில கேப்பாங்க" என்றார். "கொற தீந்துச்சுன்னே போடு."

போட்டாள். ஒப்புகைச் சீட்டை அச்செடுக்க வேண்டும். அவள் பிரிண்டரில் மை தீர்ந்திருந்தது. இந்தப் பிரிண்டரும் தன் கம்பெனி மையைத் தவிர வேறெதையும் ஏற்காது. அவள் அதை அவருடைய போனுக்கு அனுப்பிவைத்தாள். அவர் தெருவைக் கடந்து தன் கடைக்குப் போய் இரண்டு பிரதி எடுத்துவந்து, ஒன்றை அதிகாரியிடமும் இன்னொன்றை அவளிடமும் கொடுத்தார். அவள் அதைத் தன் உரிமச் சான்று மாட்டியிருந்த ஆணியிலேயே குத்திவைத்தாள்.